பக்கத்து மேசையில் ஒரு துயரம்

ஆடி அமாவாசைக்குத் திருவையாறு செல்வது, பணி ஓய்வு பெற்ற நாள் முதலாக அடியேன் கைக்கொண்டுள்ள வழக்கம். காலையில் காவிரியின் புஷ்ய மண்டபப் படித்துறையில் முன்னோர்க்கு நீர்க்கடன். இரவில் ஐயாறப்பர் ஆலயத்தில், அப்பர் பெருமானுக்கு ஈசன் கயிலைக் காட்சி அருளிய திருவிழா. மறைந்தவர்களை எண்ணிக் கண் கலங்கவும், மறையாத பரம்பொருளைக் கண்டு மனம் தேறவும் ஒரே நாளில் இடம் தருகின்ற ஊர் அது.

தர்ப்பணத்தின் முடிவில் ஒரு பகுதி உண்டு. தந்தை வழி, தாய் வழி முன்னோர் அனைவருக்கும் எள்ளும் நீரும் இறைத்த பிறகு, தாயோ தந்தையோ, நண்பரோ உறவினரோ இன்றி, நீர் வார்க்க ஒருவருமே இல்லாமற் போனவர்களுக்காகவும் ஒரு கை நீர் விடும்படி புரோகிதர் சொல்வார். இளமையில் அதனை அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டு, அலுவலகத்துக்கு நேரமாகிறதே என்று எழுந்து ஓடியவன் நான். இப்போதோ அந்த இடம் வரும்போது என் கை சற்றே தாமதிக்கிறது. இரண்டு முகங்கள் நினைவில் எழுகின்றன. அவர்கள் எனக்கு இரத்த உறவினர் அல்லர். நான் பணியில் சேர்ந்த காலத்தில் எங்கள் வங்கிக் கிளையின் தலைமைக் காசாளராக இருந்தவரும், அவருடைய மனைவியும்.

1981 முதல் 2019 வரை முப்பத்தெட்டு ஆண்டுகள் வங்கியில் பணியாற்றினேன். கணக்கியலும் கடன் விதிகளும் பயிற்சி வகுப்புகளில் கற்றவை. துயரம் என்றால் என்ன, துயருற்றவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் பக்கத்து மேசைகளில் அமர்ந்திருந்தவர்களிடமிருந்தே கற்றேன். அதையும் மிகத் தாமதமாகவே கற்றேன். அந்தத் தாமதத்தில் ஒரு பெண்மணியின் மனத்தைப் புண்படுத்தியும் இருக்கிறேன். அதை மறைக்காமல் எழுதவே இக்கட்டுரை.

டோக்கன் எண் 17

அது 1984ஆம் ஆண்டு. எனக்கு வயது இருபத்தைந்து. சேமிப்புக் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். தலைமைக் காசாளர் ஐம்பதைக் கடந்தவர். நெற்றியில் திருநீறு துலங்க, ஒன்பதே முக்காலுக்கெல்லாம் வந்துவிடுவார். “தம்பி, எவ்வளவு அவசரமானாலும் பணத்தை இரண்டு முறை எண்ண வேண்டும். முதல் முறை வங்கிக்காக, இரண்டாம் முறை எதிரில் நிற்பவருக்காக” என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

அவருக்கு ஒரே மகன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். மூளைக் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, வழக்கமான நேரத்துக்கு அவர் கிளைக்குள் நுழைந்தார். பாதுகாப்பறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார், மேலாளருடன் சென்று பணத்தை எடுத்து வந்தார், கூண்டுக்குள் அமர்ந்தார். நாங்கள் ஒவ்வொருவராகச் சென்று, “தைரியமாக இருங்கள் சார்” என்றோம். அவர் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். பத்து மணிக்கு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அத்துடன் அந்தத் துக்கம் முடிந்துவிட்டதாகவே நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

மகனின் பெயரில் எங்கள் கிளையிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தது. அதில் நானூற்றுச் சொச்சம் ரூபாய். வைப்புக் கணக்குகளுக்கு நியமனதாரர் பெயரைப் பதிவு செய்யும் விதிகள் 1985இல்தான் வந்தன. ஆகவே சட்டப்படியான வாரிசுக்குத்தான் பணம் தர இயலும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மணமாகாத மகன் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வாரிசு தாய். தந்தை அதற்கு அடுத்த நிலையில்தான் வருகிறார். எனவே படிவத்தில் அந்தத் தாயின் கையெழுத்து வேண்டியிருந்தது. காசாளர் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அந்த அம்மையார் கையெழுத்திட மறுத்துவிட்டார். “அந்தக் கணக்கையும் முடித்துவிட்டால், அவன் பெயர் எழுதிய இடம் என்று உலகத்தில் வேறு என்ன இருக்கிறது?” என்று கேட்டாராம்.

ஏழு மாதம் அந்தக் கணக்கு அப்படியே கிடந்தது. இடையில் அரையாண்டு வட்டி வந்தது. இல்லாத ஒரு பையனின் பெயருக்கு நேரே அவனுக்குரிய வட்டியை என் கையாலேயே எழுதினேன். கூண்டுக்குள்ளிருந்து அவன் தந்தை அதைப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு ஒருநாள் அந்த அம்மையாரே வந்தார். கணவரிடம் சொல்லவில்லை போலும். என்னெதிரே நின்று, படிவத்தை நீட்டினார். பேரேட்டில் அந்தப் பக்கத்தைத் திருப்பி, ‘காலமானார்’ என்று சிவப்பு மையால் எழுதி, கணக்கை முடித்துக் கோடிட்டேன். பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுத்தேன். எண் 17. அவர் அதைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, மற்ற வாடிக்கையாளர்களோடு பெஞ்சில் அமர்ந்தார்.

சீட்டு காசாளரிடம் சென்றது. அவர் அதைப் படித்தார். சிறிது நேரம் அசையாமல் இருந்தார். பின்னர் எப்போதும் போலவே, “பதினேழு” என்று அழைத்தார். மனைவி எழுந்து வந்து கூண்டின் முன் நின்றார். அவர் நோட்டுகளை எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார். சில்லறையை மேலே வைத்துத் தள்ளினார். அவர் எண்ணாமலே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனார். இருவரும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. “பதினெட்டு” என்று காசாளர் அடுத்தவரை அழைத்தார்.

கிளை முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் எழுந்து சென்று அவருக்குப் பதிலாக அந்த ஐந்து நிமிடம் கூண்டில் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.

திங்களூரில் நடந்தது

திருவையாற்றிலிருந்து கும்பகோணம் செல்லும் வழியில், திருப்பழனத்தை அடுத்துத் திங்களூர் இருக்கிறது. சந்திர பகவானுக்குரிய தலமாகப் பலரும் அதை அறிவர். அப்பூதியடிகள் வாழ்ந்த ஊரும் அதுவே. சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் விரித்துரைக்கும் அவர் வரலாறு வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். திருநாவுக்கரசரை நேரில் காணாமலே அவரிடம் பேரன்பு பூண்டு, தம் மக்களுக்கும், தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அறச்சாலைக்கும் அவர் பெயரையே சூட்டியவர் அப்பூதியார். அந்த அரசரே ஒருநாள் அவர் இல்லத்துக்கு எழுந்தருளினார். அமுது படைக்க வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகனை அரவம் தீண்டியது. அவன் ஓடோடி வந்து இலையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வீழ்ந்தான். செய்தி தெரிந்தால் அடியார் அமுது செய்யமாட்டாரே என்று அஞ்சிய பெற்றோர், மகன் உடலைப் பாயினுள் மூடி மறைத்துவிட்டு, முகம் மாறாமல் அவரை உண்ண அழைத்தனர்.

சிறுவயதில் இக்கதையைக் கேட்டபோது, நாவுக்கரசர் பதிகம் பாடி அப்பிள்ளையை எழுப்பிய அற்புதமே என் மனத்தில் நின்றது. வயதான பிறகு என் கவனம் வேறோர் இடத்தில் நிற்கிறது. அற்புதம் நிகழ்வதற்கு முன்பு நாவுக்கரசர் செய்த செயல் ஒன்று உண்டு. அனைவருக்கும் திருநீறு அளிக்கும்போது மூத்த மகனைக் காணாமல், அவனை அழைக்கும்படி சொன்னார். அப்பூதியார் மழுப்பலாகப் பதில் உரைத்தார். அரசரின் திருவுள்ளம் அதில் ஏதோ தடுமாற்றத்தை உணர்ந்தது. இலை போட்டாயிற்று, உணவு ஆறுகிறது, இல்லத்தார் முகம் மலர்ந்தே நிற்கிறார்கள் என்று அவர் உண்ண அமர்ந்துவிடவில்லை. உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

நம்மால் பாம்பு தீண்டிய பிள்ளையை எழுப்ப இயலாது. மூளைக் காய்ச்சலில் போன பிள்ளையையும் எழுப்ப இயலாது. ஆனால், ‘உன் வீட்டில் ஒருவரைக் காணோமே’ என்று கேட்க நம் அனைவராலும் இயலும். அலுவலகத்தில் நம் அருகே அமர்ந்து, முகம் மாறாமல் நமக்குப் பணத்தை எண்ணித் தருகின்றவர், பாயினுள் எதை மூடிவைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று நாம் கேட்பதில்லை. பரிமாறிய உணவை உண்டுவிட்டு எழுந்துவிடுகிறோம்.

அடுத்த சித்திரையில் எங்கள் கிளையின் வாசலில் காசாளர் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டார். நான்கு மூங்கில், ஒரு கீற்றுக் கூரை, இரண்டு மண்பானைகள், வெள்ளிக்கிழமைகளில் நீர்மோர். அப்பூதியார் தம் பந்தலுக்குப் பெயர் சூட்டினார்; இவர் எந்தப் பெயரும் எழுதி வைக்கவில்லை. ஒரு மாலை பானையைக் கழுவிக் கவிழ்க்க உதவியபோது, “இது தம்பி நினைவாகவா சார்?” என்று அவன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் பானையைக் கீழே வைத்தார். “அவன் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. இந்த ஆபீசில் எல்லோரும் என்னைத் தைரியமாக இருக்கச் சொன்னார்கள். அவன் பெயரைச் சொன்னவன் நீ ஒருவன்தான் தம்பி” என்றார். அதன் பிறகு அரைமணி நேரம் மகனைப் பற்றிப் பேசினார். அவன் எப்படிச் சைக்கிள் பழகினான், எந்தக் கணக்கில் திணறுவான், அவன் அம்மா சுடும் அடையில் முருங்கைக்கீரை இருந்தால் எப்படி ஒதுக்குவான் என்றெல்லாம் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். இறந்தவர் பெயரைச் சொன்னால் துக்கம் பெருகிவிடும் என்றல்லவா நாம் அஞ்சுகிறோம்? துக்கம் அங்கே எப்போதும் இருக்கிறது. பெயரைச் சொல்வதால் அது புதிதாக வருவதில்லை.

வாசலில் எதை விடுவது?

அன்று கற்ற பாடத்தை நான் காப்பாற்றி வைத்திருந்தால் இந்தப் பகுதியை எழுத வேண்டியிராது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1994இல், வேறொரு கிளையில் நான் அதிகாரி. அங்கே பணியிலிருக்கும்போதே இறந்துபோன எழுத்தர் ஒருவரின் மனைவிக்குக் கருணை அடிப்படையில் அதே கிளையில் வேலை கிடைத்தது. முப்பது வயதுகூட நிறைந்திராது. நான்கு வயதில் ஒரு மகன். வங்கியின் வாசனையே அறியாதவர். பேரேடு ஒன்றை அவரிடம் ஒப்படைத்தோம். மாதக் கடைசியில் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் எடுத்தெழுதிக் கூட்டி, பொதுப் பேரேட்டுடன் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அவருடைய பேரேடு மூன்று மாதம் தொடர்ந்து ஒத்துப்போகவில்லை.

ஒரு மாலை ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டது. மற்றவர்கள் சென்றுவிட்டார்கள். பொறுமையிழந்த நான், பலமுறை கேட்டும் சொல்லியும் பழகிப்போன ஒரு வாசகத்தை அவரிடம் சொன்னேன்: “அம்மா, எல்லாம் அவரவர் விதிப்படிதான். வீட்டுத் துக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். இது வேலை செய்கிற இடம்.”

அவர் அழவில்லை. பேரேட்டை என் பக்கம் திருப்பினார். “சார், இந்தப் பக்கத்தைப் பாருங்கள். இதையும் பாருங்கள். இவையெல்லாம் அவர் எழுதியவை. நான் உட்கார்ந்திருப்பது அவர் உட்கார்ந்த நாற்காலி. வீட்டில்கூட அவர் கையெழுத்து இவ்வளவு இல்லை, சார். நான் வாசலில் எதை விடுவது?”

பக்கத்துக்குப் பக்கம் சாய்வான, நேர்த்தியான எண்கள். கணவர் எழுதிய இருப்பிலிருந்துதான் மனைவி தொடர்ந்து எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் நின்றிருக்கிறார். நின்ற இடத்தில் எண் தவறியிருக்கிறது. மூன்று மாதமாக அவருடைய தவறுகளை மட்டுமே சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கையெழுத்து என் கண்முன்னேயே இருந்தும் தெரியவில்லை. நான் கேட்டிருந்தால் முதல் மாதமே சொல்லியிருப்பார்.

மறுநாள் அந்தப் பேரேட்டை வேறொருவருக்கு மாற்ற முன்வந்தேன். அவர் வேண்டாம் என்றார். “இனி எங்கே நிற்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்” என்றார். அதற்கு அடுத்த மாதம் இருப்பு ஒத்துப்போயிற்று. நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அதிகாரி எழுத்தரிடம் மன்னிப்புக் கேட்கின்ற வழக்கம் அந்நாளில் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விதி என்றும் வினை என்றும் நம் சமயம் கூறுவது பொய்யன்று. ஆனால் அது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய ஆறுதல். பிறர் துயரத்தின் மேல் நாம் ஒட்டுகின்ற சீட்டாக அது ஆகிவிடும்போது, ‘இதற்கு மேல் என்னிடம் பேசாதே’ என்பதே அதன் பொருளாகிவிடுகிறது. அழுகையை அடக்கியவர்களே ஞானிகள் என்று நம் பெரியோர்கள் காட்டவில்லை. குலசேகர ஆழ்வார், இராமனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டுப் புலம்புகின்ற தசரதனாகவே ஆகி ஒரு பதிகம் முழுவதும் அழுதிருக்கிறார். கண்ணனின் மழலையைக் காணக் கொடுத்துவைக்காத தேவகியாக ஆகி மற்றொரு பதிகம் அழுதிருக்கிறார். பெருமாள் திருமொழியில் அந்தப் புலம்பல்களும் பக்தியாகவே மதிக்கப்படுகின்றன.

வேறொரு கிளையில், கடைநிலை ஊழியர் ஒருவர் இருந்தார். மணம் செய்துகொள்ளாமல் தாயுடன் வாழ்ந்தவர். அந்த மூதாட்டி எண்பத்து நான்காம் வயதில் காலமானபோது, “கல்யாணச் சாவு; நீ கொடுத்து வைத்தவன்” என்று எல்லோரும் சொல்லிவிட்டு வந்தோம். அவருக்கு இரண்டே நாள் விடுப்புப் போதும் என்று நாங்களே முடிவு செய்தோம். பின்னர் பல மாதங்கள் அவர் மாலை ஏழு, எட்டு வரை கிளையிலேயே இருந்து, அடுக்கிய தாள்களையே மீண்டும் அடுக்கிக்கொண்டிருந்தார். ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று ஒருநாள் கேட்டேன். “போனால் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்க ஆள் இல்லை, ஐயா” என்றார். இறந்தவரின் வயதைக் கொண்டு நாம் துக்கத்தை அளக்கிறோம். அவர் போனபின் வீட்டில் மிஞ்சியது என்ன என்பதைக் கொண்டல்லவா அளக்க வேண்டும்?

என் வீட்டில் விழுந்த இடி

2016இல் என் மனைவி மறைந்தாள். நோய் தெரிந்து மூன்று மாதமே இருந்தாள். காரியங்கள் முடிந்து நான் பணிக்குத் திரும்பியபோது, என் மேசையருகே வந்தவர்கள் ஒவ்வொருவராக, “தைரியமாக இருங்கள் சார்” என்றார்கள். நான் தலையசைத்தேன். தலைமைக் காசாளர் தலையசைத்தது ஏன் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. வந்தவரை விரைவில் அனுப்பிவைப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

அன்று பிற்பகல், பேரேடு ஒத்துப்போகாத அந்தப் பெண்மணி வந்தார். அவர் அப்போது அதே ஊரில் மற்றொரு கிளையில் அதிகாரி. அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருந்தார். எதிர் நாற்காலியில் அமர்ந்து, வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அம்மா எந்தக் கோயிலுக்கு அதிகம் போவார்கள் சார்?” என்று கேட்டார்.

பதினாறு நாட்களில் என்னிடம் எவரும் கேட்காத கேள்வி. நான் சொல்லத் தொடங்கினேன். வெள்ளிதோறும் அவள் அம்மன் சந்நிதிக்கு எடுத்துச் செல்லும் கதம்பம், பிரகாரம் சுற்றும்போது நான் வேகமாக நடப்பதாகச் செய்யும் புகார், திருக்கடையூர்ப் பயணத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலுடன் வந்து சிரித்தது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்திருக்கும்போது, “அம்மாவின் கணக்குப் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் கொடுங்கள். படிவத்தை நான் நிரப்பிக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். கணினியில் அந்தக் கட்டத்தில் ‘காலமானார்’ என்று நீங்கள் பதிய வேண்டாம்” என்றார். டோக்கன் எண் 17 அவருக்குத் தெரியாது. நான் அவரிடம் சொன்னதே இல்லை. அப்படியிருந்தும், 1984இல் எங்கள் கிளை முழுவதும் செய்யத் தவறியதை அவர் செய்தார்.

அப்போதுதான், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, “அன்று ஒருநாள் மாலை உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னேன். நினைவிருக்கிறதா, அம்மா?” என்று கேட்டேன்.

“நினைவிருக்கிறது சார்” என்றார். மறந்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “அன்று உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.”

திலகவதியார் வழி

அப்பர் பெருமானின் இளமையை எண்ணிப் பார்க்கிறேன். மருள்நீக்கியார் என்னும் பிள்ளைத் திருநாமத்துடன் திருவாமூரில் வளர்ந்த அவர், தந்தை புகழனாரையும் தாய் மாதினியாரையும் அடுத்தடுத்து இழந்தார். தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போரில் வீரமரணம் எய்தினார். தமக்கையார் உயிர்விடத் துணிந்தபோது, தம்பி அவர் திருவடிகளில் விழுந்தார். தாயும் தந்தையுமாக உங்களை எண்ணியே நான் தரித்திருக்கிறேன். நீங்கள் போவதானால் உங்களுக்கு முன் நான் போவேன் என்றார். தம்பிக்காகத் தமக்கையார் உயிர் தாங்கினார். மருள்நீக்கியாரோ உலகின் நிலையாமையை உணர்ந்து, அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார், சோலைகள் வைத்தார், குளங்கள் தோண்டினார்.

இருவருமே இழந்தவர்கள். ஒருவரை ஒருவர் தேற்றுவதற்கு அவர்களிடம் தத்துவம் இல்லை. ‘எனக்காக இரு’ என்ற ஒரு வேண்டுகோள்தான் இருந்தது. அதுவே ஒரு குடும்பத்தைக் காத்தது; சைவ உலகுக்கு நாவுக்கரசரைத் தந்தது. இழந்தவருக்குத் துணையாக வருபவர் பெரும்பாலும் மற்றோர் இழந்தவரே. இழக்காத காலத்திலேயே அந்தக் கண்ணைப் பெறுகின்றவர் பாக்கியசாலி. எனக்கு அது வாய்க்கவில்லை. இதைப் படிக்கும் இளைய அன்பர்களுக்கு வாய்க்கட்டும்.

வங்கியிலிருந்து வந்தவன் என்ற முறையில் நடைமுறையான வேண்டுகோள் ஒன்றும் உண்டு. உங்கள் கணக்குகள் ஒவ்வொன்றிலும் நியமனதாரர் பெயரைப் பதிவு செய்யுங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம். நியமனதாரர் பணத்தைப் பெற்றுச் சட்டப்படியான வாரிசுகளிடம் சேர்ப்பிக்கக் கடமைப்பட்டவர் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். அழுத கண்ணோடு ஒரு தாய் படிவத்துடன் அலைவதை, அந்த ஒரு கையெழுத்து பெருமளவு குறைக்கும்.

மற்றவை எல்லாம் சிறிய செயல்கள்தாம். துக்கம் கழிந்து ஒருவர் பணிக்குத் திரும்பும் முதல் நாள், அவருடைய வேலையில் ஒரு பகுதியைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். முதல் தீபாவளி, முதல் ஆண்டுத் திதி ஆகிய நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அன்று அவருடன் உணவருந்துங்கள். பதினாறு நாளுக்குள் வீடு நிறைய உறவினர் இருப்பார்கள். பதினேழாம் நாள் முதல் அவருக்கு அருகில் இருக்கப்போவது நீங்கள்தான்.

ஒரு கை நீர்

சென்ற ஆடி அமாவாசையன்றும் படித்துறையில் அமர்ந்தேன். தலைமைக் காசாளர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவரை அடுத்து அந்த அம்மையாரும் போய்விட்டார். கொள்ளி வைக்க வேண்டிய மகன் அவர்களுக்கு முன்பே சென்றுவிட்டான். ஆண்டுதோறும் அவர்களை எண்ணி நீர் வார்க்க இவ்வுலகில் எவருமில்லை. புரோகிதர் இறுதிப் பகுதியைச் சொன்னபோது, மூவரின் பெயரையும் மனத்தால் சொல்லி, காவிரியில் நீரை விட்டேன். விட்ட நீரை இரண்டாம் முறையும் விட்டேன். அவர் சொல்லிக் கொடுத்த பழக்கம்.

கரையேறியபோது, நான்கு படி மேலே அந்தப் பெண்மணி நின்றிருந்தார். அவரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அன்று நான்கு வயதாயிருந்த மகன், கீழே தன் தந்தைக்குத் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவர் நலம் விசாரிக்கவில்லை; தைரியம் சொல்லவில்லை.

“அறம்வளர்த்த நாயகி சந்நிதிக்குத்தானே போகிறீர்கள் சார்? அம்மாவுக்குக் கதம்பம் வாங்கிவிட்டீர்களா?” என்று கேட்டார்.

வாங்கவில்லை என்றேன். தம் கையிலிருந்த பூப்பொட்டலத்தைப் பிரித்து, பாதியைக் கிள்ளி என்னிடம் தந்தார்.